குதிரைத் தீவனம்

மூன்றாம் மாடி, வடக்கு மூலை.
ஜன்னலைத் திறந்தால் தேம்ஸ் தெரியாது;
ஆறு மூத்த அமைச்சருக்கு.
எங்களுக்கு வாய்த்தது ஒரு புகைபோக்கி,
அதில் சண்டை போடும் இரண்டு புறாக்கள்.

சிற்றாறுகள், வடிகால்கள், நடைபாலங்கள்
இம்மூன்றுக்கும் பொறுப்பான துணை அமைச்சர்
இங்கேதான் உட்காருவார்.
உட்காருவார் என்பது பெரிய வார்த்தை.
பதினெட்டு ஆண்டுகளில் ஒன்பது பேர்;
ஒன்பது முறை
நாற்காலியின் உயரத்தை மாற்றியவன் நான்.

பழைய பேரேடு சொல்கிறது:
ஒரு வெள்ளத்தில்
மூத்தவர் நனைய விரும்பாத ஆண்டில்
இந்தப் பதவி பிறந்தது.
முதலாமவர் சர் ஆம்ப்ரோஸ் திஸில்டன்
கரையோரம் குதிரையில் போய்
உடைப்புகளை எண்ணி வந்தாராம்.
குதிரைக்கு ஓட்ஸ் அரசாங்கச் செலவு.
குதிரை செத்தது. சர் செத்தார்.
கணக்கில் அந்தத் தலைப்பு மட்டும் சாகவில்லை.
ஒவ்வொரு மார்ச் மாதமும் எழுதுகிறேன்:
குதிரைத் தீவனம்,
ஒதுக்கீடு அறுபது பவுண்டு,
செலவு இல்லை.

மூத்தவர் வர முடியாத இடத்துக்கு இவர் வருவார்.
ரிப்பன் வெட்டுவார், சின்ன ரிப்பன்.
இரவு பதினொன்றரைக்கு
பச்சை இருக்கைகள் காலியான அவையில்
யாரோ ஓர் உறுப்பினர் தன் ஊர்ச் சாக்கடையைப் பற்றிப் பேச
எழுந்து பதில் சொல்வார்.
கேட்டவர் ஒருவர்,
கொட்டாவியை மென்று விழுங்கும் துணை சபாநாயகர்,
அதிகாரிகள் பெட்டியிலிருந்து சீட்டு நீட்டும் நான்.
'கவனத்தில் கொள்ளப்படும்.'
அதை நானூறு முறையாவது எழுதிக் கொடுத்திருப்பேன்.
யாருடைய கவனம் என்று
ஒருவரும் கேட்டதில்லை.

கில்லம் ப்ராஸர்
'வருந்துகிறேன்' என்ற சொல்லை அடித்துவிட்டுத்தான்
கையெழுத்துப் போடுவார்.
"வருத்தமே இல்லையே, பொய் எதற்கு?"
பீட்டர்கின் இருந்தது நாற்பத்தொரு நாள்.
சுவரில் ஆணி அடித்தோம்,
படத்துக்குச் சட்டம் போட்டு வருமுன் போய்விட்டார்.
ஆணியில் இப்போது என் குடை தொங்குகிறது.

ஒன்பது பேருக்கும் ஒரு கடிதம் வந்தது,
நார்தம்பர்லாந்திலிருந்து, நீல மையில்.
திருமதி வினிஃப்ரெட் ஆர்க்கிள்.
ஓடை நடைபாலத்தை அடித்துப் போய்விட்டது,
பள்ளிப் பிள்ளைகள் மூன்று மைல் சுற்றுகிறார்கள்.
ஒன்பது முறை பதில் போனது,
ஒரே பதில், ஒன்பது கையெழுத்து.
அந்தப் பிள்ளைகள் வளர்ந்து
ஒருவன் பேருந்து ஓட்டுகிறானாம்,
அந்த மூன்று மைலில்தான்.
எங்கள் சுவரைவிட
அவருக்கு வரிசை சரியாகத் தெரியும்.
பீட்டர்கினைக்கூட அவர் விடவில்லை.

திங்கட்கிழமை பத்தாவது ஆள் வந்தார்.
மார்வென்னா ட்ரெகியர், கார்ன்வால்காரர்.
நாற்காலியை அவரே இறக்கிக்கொண்டார்.
புதன்கிழமை நீல மை வந்தது.
'பதவிக்கு வாழ்த்துகள். வானொலியில் கேட்டேன்.
பாலம் விழுந்தபடியே கிடக்கிறது.
வருவதென்றால் ரப்பர் பூட்ஸ் அவசியம்.'

பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
படித்தார். பேனாவை மூடினார்.
"ரயில் எத்தனை மணிக்கு?"

பயணப்படி ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது, மேடம்;
மூத்தவர் ஜெனீவா போனார்.
"வேறு எந்தத் தலைப்பில் காசு இருக்கிறது?"
பேரேட்டைத் தன் பக்கம் திருப்பினார்.
விரல் கீழே கீழே இறங்கி
ஓரிடத்தில் நின்றது.
நான் வாயைத் திறந்து, மூடினேன்.

"அறுபது. ஒரு வழிக்குப் போதும்.
திரும்புவதற்குள் இந்தப் பதவி
என்னிடம் இருக்குமோ என்னவோ."

என் குடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
மழையில்லாத பகல்.
படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
நோக்கம்: ஆய்வு. தேதி: இன்று.
மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டேன்.
குதிரையின் பெயர் கேட்கிறார்கள்.